மழைக்கு இடம் இல்லாத தாள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று பேப்பரில் படம் போட்டிருந்தால் இப்போதும் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் புரட்டிவிடுவேன். அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குளித்துவிட்டுப் போகட்டும். குளித்த தலை காய்வதற்குள் பக்கத்து ஊரைப் பற்றி ஆராய்ச்சி எழுதிவிடுகிறவர்கள் மேல்தான் கோபம். அப்படி எழுதப்பட்ட ஓர் அறிக்கைக்கு நானும் கையாளாக இருந்தேன். அதனால் அந்தக் கோபத்தில் பாதி என் பக்கமே திரும்பி வருகிறது. வரட்டும்.

தென்காசியில் எங்கள் தெரு நெசவுத் தெரு. பள்ளிவாசலில் தொடங்கி வாய்க்கால் வரைக்கும் இரண்டு சாரி வீடு, வீட்டுக்கு ஒரு குழித்தறி, காலைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்வது. நெய்வது கைலி. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் கஞ்சியில் முக்கி, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரஷ்ஷால் நீவிக்கொண்டே காயவைக்க வேண்டும். காலை வெயில் ஒரு மணி நேரம் ஒழுங்காக அடித்தால் போதும். ஆனி பிறந்து மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. பெரிய மழை என்றால் பெய்து ஓய்ந்துவிடும். சாரல் ஓயாது. காயாத நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புளித்த வாடை அடிக்கும். போதாததற்குத் தறிக்குழியில் ஊற்றெடுத்து, மிதிக்கிற கால் தண்ணீரில் நிற்கும். ஆவணி கடைசி வரைக்கும் தெருவுக்கு இதே பாடு. குற்றாலத்துக்குச் சீசன் என்றால் எங்களுக்குத் தறி நிற்கிற காலம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பட்டமும் வேண்டாம்.

இதற்கு மருந்தும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நீளமான ஒரு கொட்டகை. மேலே ஓடு, பக்கவாட்டில் திறப்பு, உள்ளே அங்கங்கே கணப்பு மூட்ட இடம். அதற்குள் பாவைக் கட்டினால் சாரலிலும் காய்ந்துவிடும். வாய்க்கால் கரையில் புறம்போக்கு நிலம் சும்மாதான் கிடந்தது. கொட்டகை கேட்டு வருஷம் தவறாமல் மனுப் போடுவார்கள். நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அந்த மனுக்களை எழுதியது நான்தான். தெருவில் அவ்வளவு படித்தவன் வேறு யாரும் இல்லை. மனு போகும். பதில் வராது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கப் போனேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே மட்டும்தான் இப்படி நடந்தது என்று மற்ற இடங்கள் தப்பித்துக்கொள்ளும். எங்கள் மாவட்டம் முழுக்க இருக்கிற பள்ளிக்கூடப் புத்தகத்தையெல்லாம் சேர்த்தாலும் அந்த நூலகத்தின் ஓர் அலமாரி நிறையாது. முதல் வருஷம் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தேன். வகுப்பில் இந்தியக் கிராமத்தைப் பற்றிப் பாடம் நடக்கும். சொல்லிக்கொடுத்த பேராசிரியர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், பேச்சில் மன்னன். அதை நான் மறுக்க மாட்டேன். மணி அடித்தும் எழுந்திருக்க மனம் வராது.

எம்.ஏ. முடித்து அவரிடமே ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். ஒரு நாள் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“நீ தென்காசிதானே? அங்கேர்ந்து குற்றாலம் எவ்வளவு தூரம்?”

“மூணு மைல் சார்.”

“குட்” என்றார். கைத்தறி நெசவாளர்கள் வருஷத்தில் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்யத் துறைக்கு உத்தரவு வந்திருப்பதாகவும், எங்கள் தெருவை எடுத்துக்கொள்ளலாம் என்றும், அறிக்கை நேராக அரசாங்கத்துக்குப் போகும் என்றும் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பதில் வராத அத்தனை மனுவுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இது வந்துவிடும் என்று நினைத்தேன்.

“தை, மாசியில வச்சுக்கிட்டா நல்லது சார். தெரு முழுக்கப் பாவு விரிஞ்சு கிடக்கும்.”

“ஜூலைதான் எல்லோருக்கும் வசதி.”

“ஜூலையில தறி ஓடாது சார்.”

“ஓடாததையும் பார்க்கணும் இல்லையா? அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி.”

கேட்டபோது எவ்வளவு பெரிய உண்மை என்று தோன்றியது. இப்படி ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு பங்களா முன்பதிவு இருக்கும் என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.

கேள்வித்தாள் தயாரானது. நான்கு பக்கம். கடந்த முப்பது நாளில் தறியில் எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று ஒரு கட்டம். வேலை செய்யாத நாட்களுக்குக் காரணம் என்ன என்று அடுத்த கட்டம். அதில் வாக்கியம் எழுதக் கூடாது, எண் மட்டும்தான் போட வேண்டும். ஒன்று, நோய். இரண்டு, நூல் கிடைக்கவில்லை. மூன்று, பண்டிகை, விசேஷம். நான்கு, பிற. பயிற்சி வகுப்பில் நான் எழுந்து, மழையால் நின்றால் எதைப் போடுவது என்று கேட்டேன்.

“மழையிலே விவசாயம் நிற்கும். வீட்டுக்குள்ளே இருக்கிற தறி எப்படி நிற்கும்?” என்றார் பேராசிரியர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பாவு, கஞ்சி, வெயில் என்று விளக்கத் தொடங்கினேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அதான் பிற இருக்கே, போடு” என்றார்.

ஆடி மாதம் ஊருக்கு வந்தோம். என்னையும் சேர்த்து ஆய்வு மாணவர்கள் நான்கு பேர், பேராசிரியர், அவர் குடும்பம். அவர் குற்றாலத்தில் பங்களாவில் தங்கினார். காலையில் அருவி, மாலையில் ஐந்தருவி. எண்ணெய் தேய்த்துவிட ஒரு ஆள். மங்குஸ்தான் கூடை கூடையாக வாங்கி ரயிலில் தன் ஊருக்கு அனுப்பினார். மற்ற மாணவர்கள் மூவரும் முதல் மூன்று நாள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு மத்தியானத்துக்கு மேல் காணாமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அருவியை முதல் தடவை பார்க்கிற இருபத்திரண்டு வயதுக்காரனிடம் கேள்வித்தாளைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பேராசிரியர் எங்கள் தெருவுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. கார் பள்ளிவாசல் முன்னால் நின்றது. குடை பிடித்துக்கொண்டு இறங்கினார். காதோரம் எண்ணெய் மினுங்கியது. ஆண்கள் பள்ளிவாசல் வாசலிலும் தாழ்வாரத்திலுமாகக் குந்தியிருந்தார்கள். சிலர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள், இருவர் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். கொட்டகை விஷயத்தை ஒரு பெரியவர் எடுத்தார். பேராசிரியர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “மேலே எழுதறேன்” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். கொட்டகையைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று தெரு நினைத்தது. நானும் நினைத்தேன். தாயக்கட்டையைக் குறித்திருக்கிறார் என்று அறிக்கை வந்த பிறகுதான் தெரிந்தது.

எந்தெந்த வீடு என்பதைத் துறையில் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தார்கள். அதில் எங்கள் வீடும் விழுந்திருந்தது. தன் வீட்டைத் தானே விசாரிக்கக் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டுக்கு வர வேண்டியவன் அன்றைக்கு அருவியில் இருந்தான், மறுநாள் தாள்களை ஒப்படைக்க வேண்டும். நானே தாளை எடுத்துக்கொண்டு என் வாப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. தறிக்குழியில் அவர் மிதிக்கிற இடத்தில் தண்ணீர் பழுப்பாகத் தேங்கியிருந்தது. உம்மா பக்கத்தில் இராட்டையில் குறுக்கு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கேளுலே” என்றார் வாப்பா. “சர்க்காருக்குப் போற தாளு, ஒழுங்காக் கேளு.”

“முப்பது நாள்ல எத்தன நாள் தறியில உக்காந்தீங்க வாப்பா?”

“ஆறு நாளு. ஏழாம் நாளு அரை நாளுல பாவு அறுந்துட்டு. ஆறுன்னே போடு, கூட்டிப் போடாத.”

ஆறு என்று எழுதினேன். காரணக் கட்டத்தில் நான்கு என்று போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“நாலுன்னா என்னது?”

“பிறன்னு அர்த்தம்.”

“அப்படின்னா?”

“வேற காரணம்.”

“வேற என்ன காரணம்? மழன்னு எழுதேன்.”

“அதுக்கு இடம் இல்ல வாப்பா.”

வாப்பா தாளை என் கையிலிருந்து வாங்கி நான்கு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, இம்புட்டுப் பெரிய தாள்ல மழைக்கு இடம் இல்லையா?”

உம்மா இராட்டையை நிறுத்தாமலே சொன்னாள்: “அருவில குளிக்க வந்தவங்க கண்ணுக்கு மழ எங்கன தெரியும்? பங்குனில வரச் சொல்லு. மனுசன் சோறு திங்க எந்திரிக்கானான்னு பாக்கட்டும்.”

“நீ சும்மா இரு. அவன் படிச்சிருக்கான், அவனுக்குத் தெரியும்” என்றார் வாப்பா. சொன்ன தகவல் எல்லாம் உண்மை என்று தாளின் அடியில் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அவர் உண்மையைத்தான் சொன்னார், ஒரு நாளைக்கூடக் கூட்டவில்லை. பொய் வேறு இடத்தில் இருந்தது.

மனசு கேட்காமல், நான் எடுத்த தாள்களில் எல்லாம் நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலால் ‘மழை’ என்று எழுதிவைத்தேன். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும், தாள்களை அட்டவணைக்கு ஏற்றுகிற அறையில் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டார்.

“இது என்ன?”

“காரணம் சார்.”

“எண்தான் காரணம். ஓரத்திலே கிறுக்கின தாள் ஆடிட்லே நிற்காது. எல்லாத்தையும் அழிச்சுக் கொடு.”

“சார், அதை அழிச்சா...”

“நீ இங்கே ஆய்வாளனா, இல்லே உன் தெருவுக்கு வக்கீலா? அதை முதல்ல முடிவு பண்ணு.”

இதை அவர் கத்திச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு முதுகில் தட்டிச் சொன்னார். எனக்கு உதவித்தொகை அவர் கையெழுத்தில் வந்துகொண்டிருந்தது. ரப்பரை எடுத்து இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு மழையாக அழித்தேன். எனக்காக நான் பேசிக்கொள்ள இங்கே எதுவும் இல்லை. அன்றைக்கு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

அடுத்த வருஷம் அறிக்கை அச்சாகி வந்தது. நல்ல வழவழப்பான தாள். எங்கள் தெருவுக்கு ஓர் அட்டவணை ஒதுக்கியிருந்தார்கள். நோய், நூல் தட்டுப்பாடு, பண்டிகை எல்லாம் இருந்தன. நான்காவது தலைப்பில் ‘பிற’ என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் உழைக்க விருப்பமின்மை என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஏறக்குறைய தெரு முழுவதும் அந்தத் தலைப்புக்குக் கீழேதான் நின்றது. இந்த மக்கள் ஓய்வை விரும்புகிறவர்கள் என்று கீழே ஒரு பத்தி விளக்கம். தாயக்கட்டை அதில் வந்தது. என் வாப்பா கையெழுத்துப் போட்டு உறுதி செய்த தாளும் அதில்தான் வந்து சேர்ந்திருந்தது. முன்னுரையில் களப்பணிக்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஓடினேன். கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

“சார், பிறன்னு இருந்ததை யார் மாத்தினது?”

“நான்தான். பிறன்னு இவ்வளவு பெரிய எண் வந்தா படிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. தலைப்பு தெளிவா இருக்கணும்.”

“அது மழை சார்!”

“தாள்ல எங்கே இருக்கு மழை? காட்டு” என்றார்.

அழித்தது நான். அறையிலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சில மாதம் கழித்துத் தெருவின் மனுவுக்கு முதல் தடவையாகப் பதில் வந்தது. வாப்பா அதைத் தபாலில் எனக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தார். பல்கலைக்கழக ஆய்வின்படி இப்பகுதியில் வேலை இழப்புக்கு இடவசதிக் குறைவு காரணமாகத் தெரியவில்லை, ஆகவே கொட்டகைக்கு அவசியம் இல்லை. சுருக்கமாக அவ்வளவுதான். இத்தனை வருஷம் பதிலே இல்லாமல் இருந்த தெருவுக்கு ஒரு பதில் கிடைத்தது, அதற்குக் காரணம் நானும் நான் படித்த படிப்பும். வாப்பாவுக்கு, மனு இன்னும் ஆலோசனையில் இருப்பதாக எழுதினேன்.

அந்த ஆத்திரத்தில்தான் என் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றினேன். எங்கள் தெருவையே எடுத்தேன். பேராசிரியர் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான் கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்றை வாப்பாவிடம் கொடுத்து, தினமும் மழை உண்டா, வெயில் உண்டா, பாவு விரித்தார்களா, தறியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று எழுதச் சொன்னேன். ஒரு வருஷம், ஒரு நாள் விடாமல் எழுதினார். காய்ச்சல் கண்ட நாட்களில் அவர் சொல்லச் சொல்ல உம்மா புள்ளி வைத்திருக்கிறாள். பங்குனி, சித்திரையில் அவர் விடியுமுன் உட்கார்ந்து பொழுது அடைகிற வரை நெய்திருக்கிறார். ஆடியில் பக்கத்துக்குப் பக்கம் ‘சாரல். பாவு இல்ல’ என்று இருக்கும். ஓரிடத்தில் மட்டும் ‘சாரல். வெள்ளன வெயில் வந்துச்சு, விரிச்சோம், திரும்பவும் சாரல் வந்துட்டு’ என்று எழுதியிருந்தார். நான் வாசித்த எந்தப் புத்தகமும் அந்த ஒரு வரியைப்போல் எனக்கு விஷயத்தைச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வேறு ஊரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். மழையும் வேலையும் என்ற அத்தியாயத்தில் விரலை வைத்து, இந்தத் தகவலுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்.

“ஒரு நெசவாளியின் தினக்குறிப்பு.”

“அச்சில் வந்ததா?”

“இல்லை.”

“அந்த நெசவாளி யார்?”

சொன்னேன். அவரும் என் பேராசிரியரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தகப்பன் எழுதிய நோட்டை வைத்து மகன் பட்டம் வாங்குவதா என்றார் வந்தவர். இதே பகுதியைப் பற்றி அச்சான அறிக்கை ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டது ஏன் என்றும் கேட்டார். என் பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் அறிக்கையின் அட்டவணையைச் சேர்த்து அடிக்குறிப்புக் கொடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் பட்டம் உண்டு என்று முடிவாயிற்று.

செய்தேன். ஒரு தெருவே ஏமாந்திருந்தது, நான் மறுத்திருந்தால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கல்லூரியில் வேலை தயாராகக் காத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானும் ஒரு கட்டத்தை அழித்தவன் ஆவேன்.

பைண்டு செய்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஆடிதான். செங்கோட்டை வண்டியை விட்டு இறங்கும்போதே முகத்தில் சாரல் அடித்தது. தறிக்குழியில் வழக்கம்போலத் தண்ணீர். வாப்பா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். கையில் தூக்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. பக்கங்களை மெல்லத் திருப்பினார். அட்டவணை வந்த இடத்தில் நின்று, கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். அவர் தினமும் எழுதிய நோட்டிலும் கட்டங்கள்தான்.

“இது நான் எழுதுனதுதானலே?”

நான் பையைச் சுவரோரம் நகர்த்திவைத்தேன்.

“இதுலயாவது மழைக்கு இடம் கெடச்சுதா?”

“கெடச்சுது வாப்பா” என்றேன்.

உம்மா இராட்டையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை நனையாமல் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போனார். அங்கே குந்தியிருந்தவர்கள் ஒவ்வொருவர் கையாக அது போய் வந்ததை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் வாங்கி வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்பு பேராசிரியரிடம் கொட்டகையைப் பற்றிப் பேசிய பெரியவரும் அதில் இருந்தார். என்னை உட்காரச் சொன்னார்கள், அவர்கள் உட்காரவில்லை. தெருவிலேயே வளர்ந்த என்னை முதல் தடவையாக ‘நீங்க’ என்றார் பெரியவர்.

“புஸ்தகத்துல எல்லாம் வந்துட்டுன்னு ஒங்க வாப்பா சொன்னாவ. ரொம்ப சந்தோசம். அப்பம் கொட்டகை எப்பம் வரும்?”

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மூவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நான் சொல்லப்போவதற்காக நின்றார்கள்.

“மேலே எழுதியிருக்கேன்” என்றேன்.